சாக்கைப் பாத்தாரு

என் அக்காவின் இடது காதுக்கு இருபத்திரண்டு நாள் கெடு இருந்தது.

வலது காது எப்போதோ போய்விட்டது. அதில் இனிமேல் கருவி வைத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, வெளியே மாட்டும் ஒரு கருவியின் உதவியோடு. அக்கா பெங்களூர் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் நடத்திய பட்டறை, இப்போது வேறொருவர் நடத்துகிறார். நாற்பது வருஷம் இரும்பை இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு மேலே உட்கார்ந்து சமைத்த காதில் இந்த அளவு மிஞ்சியதே பெரிது.

அறுவை சிகிச்சை செய்து உள்ளே கருவி பொருத்தினால், இயற்கையாக இருக்கும் அந்த மிச்சம் பெரும்பாலும் போய்விடும் என்றார் டாக்டர். பிறகு எல்லாம் கருவி வழியாகத்தான். குரல்கள் முதலில் வேறு மாதிரி இருக்கும், பழகச் சில மாதம் ஆகும். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். அத்தனை பக்கத்தையும் வரி விடாமல் படித்தவன் அந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் முதல் ஆள் என்று நர்ஸின் முகத்தில் தெரிந்தது.

அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆபரேசனுக்கு முன்னாடி அந்தச் சாக்கு ஜோக்கு முடிவை மட்டும் கேட்டுடணும்டா. அப்புறம் மிசினு எந்தக் கொரல்ல பேசுனாலும் பேசட்டும்."

டாக்டர் நிமிர்ந்து, "என்ன ஜோக்?" என்றார்.

"அம்பது வருஷமா பெண்டிங்ல இருக்கற கேஸ் டாக்டர்," என்றேன்.

நான் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தவறு செய்ததாகச் சொல்லப்படுபவருக்கு மெமோ கொடுப்பது, பதில் வாங்குவது, சாட்சிகளைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதிக்கொள்வது எல்லாம் என் வேலை. சொல்பவர் கன்னடத்தில் சொன்னால் கன்னடத்தில், தமிழில் சொன்னால் தமிழில். முப்பத்து நான்கு வருஷம் பிறர் சொன்ன சாக்குகளைக் கேட்டுத் தேதி போட்டுக் கோப்பில் கோத்தேன். ஒரே மாமனார் மூன்று முறை இறந்துபோன கோப்பு ஒன்று இன்றும் அங்கே இருக்கும். மூன்றாவது மரணத்துக்கு நானே விடுப்பு சிபாரிசு செய்தேன். விண்ணப்பம் அவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தது.

அக்கா சொன்ன ஜோக்கு ஒரு இசைத்தட்டில் இருக்கிறது. இசை என்ற சொல் அதற்குப் பொருந்தாது. பாட்டு இல்லை, நாடகம் இல்லை. ஒரு ஆள், ஒரு மைக், எதிரே ஒரு கூட்டம், இரண்டு பக்கமும் ஜோக்கு. பகலில் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து, சாயங்காலம் கன்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச் ஹாலிலும் கம்பெனி ஆண்டு விழாவிலும் நின்றபடி பேசிச் சிரிக்க வைத்தவர். அட்டையில் மைக்கை இரண்டு கையாலும் குச்சி ஐஸ் மாதிரி பிடித்துக்கொண்டிருப்பார். அவருடைய நிகழ்ச்சியை ஹாலிலேயே பதிவு செய்து போட்ட ஒரே தட்டு அது. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். சிரிப்பதற்குக்கூட நேரம் ஒதுக்கிச் சிரிப்பவர். அவர் கம்பெனி விழாவில் அந்த ஆளை அரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்து, தட்டு வெளிவந்ததும் முதல் வாரத்திலேயே வாங்கினார்.

இப்போது யோசித்தால், ஜோக்கைத் தட்டில் போட்டு விற்பது விநோதமான வியாபாரம். பாட்டை நூறு முறை கேட்கலாம். முடிவு தெரிந்த ஜோக்கை யார் நூறு முறை கேட்பார்கள்? நாங்கள் கேட்டோம். எங்கள் ரெக்கார்டுப் பெட்டியின் தயவில் பக்கத்து நான்கு வீடும் கேட்டது. ஜோக்குக்காக மட்டும் கேட்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். முடிவுக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பார். ஹாலின் பின்வரிசையில் ஒருவர் இருமுவார், முதல் பக்கத்தில் இரண்டு முறை, இரண்டாம் பக்கத்தில் ஒரு முறை. அந்த இருமலை நாங்களும் சேர்ந்து இருமுவோம். ஒரு பெண் மட்டும் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பாள். அவளுக்கு யாராவது பக்கத்தில் விளக்கியிருக்க வேண்டும் என்பது அம்மாவின் கருத்து. முகம் தெரியாத முந்நூறு பேரோடு எங்கள் வீட்டு ஐந்துக்குப் பத்து ஹாலில் உட்கார்ந்து சிரிப்பது போல இருக்கும். யாருக்கும் காபி போட வேண்டியதில்லை.

அந்த ஜோக்கைச் சொல்லிவிடுகிறேன். தட்டில் அவர் சொன்னபடியே.

"பெங்களூர்ல ஒரு கல்யாணம். பொண்ணு வேலூரு. பந்தியில பரிமாற வந்திருக்காரு பொண்ணோட சித்தப்பா. கன்னடம் ஒரு எழுத்து தெரியாது. எதிர்ல ஒரு கன்னடப் பெரியவர். சித்தப்பா சோத்தைப் போடறாரு, போடறாரு, நிறுத்தற மாதிரி தெரியல. பெரியவர் எலை மேல கையை வெச்சு, சாக்கு சாக்குங்கறாரு."

கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். இந்த ஊரில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் தெரியும்.

"சித்தப்பா நினைக்கறாரு, அடேங்கப்பா, இந்த ஊர்ல பந்தியிலயே மூட்டை கட்டிகினு போவாங்க போலன்னு. உள்ள போனாரு. அரிசிச் சாக்கு ஒண்ணைக் காலி பண்ணி, உதறி, எடுத்துகினு வந்து பெரியவர் முன்னாடி விரிச்சுப் பிடிச்சாரு. பெரியவர் சாக்கைப் பாத்தாரு. சித்தப்பாவைப் பாத்தாரு. மறுபடியும் சாக்கைப் பாத்தாரு..."

டக். ஊசி தாவிவிடும். அடுத்து முந்நூறு பேர் மேசையைத் தட்டிச் சிரிக்கும் சத்தம். அந்த ஹாலில் அவ்வளவு பெரிய சிரிப்பு வேறு எந்த ஜோக்குக்கும் வரவில்லை. அது ஓய்வதற்குள் அடுத்த ஜோக்கு ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த முடிவு தெரியாது. ஆனாலும் சிரிப்போம். ஹால் சிரிக்கிறதே, சிரிக்காமல் எப்படி இருப்பது. பெரியவர் சாக்குக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்பது அக்காவின் ஊகம். சாக்கைச் சித்தப்பாவின் தலையில் கவிழ்த்தார் என்பது என்னுடையது. அப்பா, "மரியாதையா எதாவது சொல்லியிருப்பாரு" என்று முடித்துக்கொண்டார். நாளடைவில் அந்த வரி வீட்டுப் பேச்சாகிவிட்டது. பாதியில் நின்ற எதற்கும், வராத கல்யாணப் பத்திரிகைக்கும் முடியாத சாக்கடை வேலைக்கும், "சாக்கைப் பாத்தாரு" என்போம். ஆபீஸில் நகராத கோப்புகளை நான் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கீறல் எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு விசாரணை நடந்தது. தட்டு வாங்கிய அன்று அப்பா முதல் பக்கத்தை மட்டும் போட்டு, மற்றது நாளைக்கு என்று மூடிவிட்டார். மறுநாள் சாயங்காலம் இரண்டாம் பக்கம் போட்டபோது தாவியது. அப்பா பெட்டியைப் பரிசோதித்தார். அதன் மேல் போடும் பின்னல் துணி நான்காக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் துணியை அப்படி மடிப்பவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "நான் தொடலைப்பா," என்று ஒரு முறை சொன்னாள். ஒரு வருஷம் பெட்டி பாடும்போது ஹாலில் உட்காரக் கூடாது என்று தீர்ப்பு. அந்த வருஷம் முழுவதும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். எல்லாரும் சிரிக்கும்போது அவளும் சிரித்தாள், கொஞ்சம் தள்ளி.

துணியை மடித்தது நான். எனக்கு ஒன்பது வயது. மத்தியானம் யாரும் இல்லாதபோது இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பெரியவர் மறுபடியும் சாக்கைப் பார்த்த நேரத்தில் வாசல் கதவு சத்தம் கேட்டது. பெட்டியின் ஊசிக் கையைப் பிடித்து இழுத்தேன். பிறகு, யாரும் தொட்டதே தெரியக் கூடாது என்று துணியை மிக ஒழுங்காக மடித்தேன். ஒழுங்காகச் செய்ததுதான் தப்பு. கசக்கிப் போட்டிருந்தால் என்னைத்தான் பிடித்திருப்பார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராத விசாரணை செல்லாது என்று என் வேலையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் வாசற்படி ஞாபகம் வரும். அடுத்த கோப்பை எடுப்பேன்.

எனவே ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். இருபத்திரண்டு நாளுக்குள் கீறல் இல்லாத இன்னொரு தட்டு.

முதலில் செல்போனில் தேடினேன். யாரோ முதல் பக்கத்தில் இருந்து இரண்டு ஜோக்கைப் போட்டிருந்தார்கள். அதை அக்காவின் காதுப் பக்கம் வைத்தேன்.

"எறும்பு பேசற மாதிரி இருக்குது. யாரு, அவருதானா?" என்றாள். அந்த வழி மூடியது.

ஒரு ஒலிக் களஞ்சியத்துக்கு எழுதினேன். பொருள், பார்வை, மூன்று பத்தி, இணைப்பு ஒன்று: தட்டின் அட்டையின் நகல். ஆறாம் நாள் பதில் வந்தது. அந்த எண்ணில் ஒரு தட்டு இருந்ததாகவும், சேதமடைந்தவை கழிக்கப்பட்டபோது கழிக்கப்பட்டதாகவும். கழித்தல் பட்டியலைக் கேட்டு எழுதினேன். பட்டியலும் வந்தது. வரிசை எண்ணோடு, கையெழுத்தோடு, குறை சொல்ல இடமில்லாத பட்டியல். அதில் நம் ஆள் கழிக்கப்பட்டிருந்தார்.

"விட்டுடுடா," என்றாள் அக்கா. "சும்னே அலையாத. இந்த வெயில்ல நீ விழுந்தா, எனக்குக் காதுக்குப் பாக்கற டாக்டரு உனக்குக் காலுக்குப் பாக்க மாட்டாரு."

சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா. நான் சும்மா அலையவில்லை. வார்டு வார்டாகப் பிரித்து அலைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிக்பேட்டைப் பக்கம் தெருவில் பழைய சாமான் விரிப்பார்கள். மூன்று ஞாயிறு இருந்தது. முதல் ஞாயிறு ஒன்பது பேரைக் கேட்டேன். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, ஆங்கிலம் கற்பிக்கும் தட்டு எல்லாம் காட்டினார்கள். இரண்டாவது ஞாயிறு, தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அட்டையின் நகலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"ஐஸ்காரரு," என்றார்.

"ஐஸ்காரர் இல்லைங்க. மைக்கு."

"நாங்க அப்படித்தான் சொல்றது சார். இது ஒண்ணு வந்துச்சு. வைட்ஃபீல்ட் மேடம் எடுத்துட்டாங்க. ஜோக்கு தட்டு எது வந்தாலும் அவங்களுக்குத்தான். மத்தவங்க பாட்டு கேப்பாங்க, அவங்க இருமல் கேப்பாங்க."

போன் எண் தரமாட்டேன், அது முறையில்லை என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அங்கேயே பெட்டி மேல் வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். பொருள்: தங்கள் வசமுள்ள ஒலித்தட்டினை மூத்த குடிமகள் ஒருவர் ஒரு முறை கேட்க அனுமதி கோருதல் தொடர்பாக. அன்று சாயங்காலமே எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "சார், லெட்டரை ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், சாரி. தட்டு வெளிய தர மாட்டேன். பதிவு பண்ணியும் அனுப்ப மாட்டேன். அக்காவைக் கூட்டிகினு வாங்க. உங்க தட்டையும் எடுத்துகினு வாங்க, கீறலைப் பாக்கணும்."

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது போனோம். அக்கா பழைய தட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு காவலாளி கையில் பலகைக் கணினி வைத்திருந்தார். பெயர், படம், எந்த வீடு, என்ன காரணம். காரணத்துக்கு நான்கு கட்டங்கள்தான் இருந்தன: விருந்தாளி, டெலிவரி, வீட்டு வேலை, ரிப்பேர்.

"ஜோக் கேட்க வந்திருக்கிறோம்," என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். ரிப்பேரில் அமுக்கினார்.

வைட்ஃபீல்ட் மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் கோலார் தங்கவயல் பக்கம், கணினி வேலை. ஒரு சுவர் முழுக்க ஜோக்குத் தட்டுகள், தமிழ், கன்னடம், உருது, பெரும்பாலும் ஆங்கிலம். உள்ளே போனதும் கை கழுவச் சொன்னாள். ஒரு நோட்டு நீட்டினாள். யார், எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எத்தனை மணி. நான் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"ஒரு பக்கம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போடுவேன் சார். திருப்பித் திருப்பிப் போட்டா பள்ளம் தேஞ்சிடும்."

"சரியான விதி," என்றேன். அதற்காகப் பத்து நிமிஷத்தில் வருத்தப்பட வேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

எதற்காக இதையெல்லாம் சேர்க்கிறாள் என்று கேட்டேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"இப்ப போன்ல வர கிளிப்பைப் பாருங்க. ஆளு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே கீழ எழுத்து ஓடிடுது. கண்ணு படிச்சு முடிச்சுடுது, காதுக்கு வேலையே இல்ல. இதுல அவரு எப்ப சொல்றாரோ அப்பதான். அவசரப்படுத்த முடியாது. பிடிக்கலன்னா எழுந்து போயி ஊசியைத் தூக்கணும், அதுக்கு சோம்பேறித்தனம், அதனால பிடிக்காததையும் கேக்கறோம். மொக்க ஜோக்குக்கு அவரு தண்ணி குடிக்கற சத்தம் கேக்கும் சார். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்." எங்கள் தட்டைப் பையில் இருந்து எடுத்தாள். "அப்புறம், பாட்டுத் தட்டு ஒரே மாதிரி தேயும். ஜோக்குத் தட்டு அப்படி இல்ல. பிடிச்ச எடத்துல மட்டும் தேஞ்சிருக்கும். ஒரு வீடு எதுக்குச் சிரிச்சதுன்னு தட்டைப் பாத்தாலே சொல்லிடலாம்."

விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்தாள்.

"இது தேய்மானம் இல்ல சார். ஒரே இழுப்பு. உள்ள இருந்து வெளிய. இங்க ஆழமா குத்தியிருக்கு, அப்புறம் ஓரம் வரைக்கும் லேசா கோடு. யாரோ பயந்து கையை இழுத்திருக்காங்க. பெரிய ஆளு கை இல்ல."

அரை நூற்றாண்டுக்குப் பிறகு நிபுணர் சாட்சியம் வந்துவிட்டது. நான் நடத்திய விசாரணைகளில் இவ்வளவு தெளிவான சாட்சி ஒருவரும் இல்லை.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றாள் அக்கா.

"கீறல் விழுந்திருக்காம்," என்றேன், அவள் இடது காதுப் பக்கம் குனிந்து.

"அதைச் சொல்றதுக்கா வெளக்கு போட்டுப் பாத்துச்சு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தன் தட்டைச் சுழல விட்டு இரண்டாம் பக்கத்தில் ஊசியை வைத்தாள்.

ஸ்பீக்கரில் முதல் ஜோக்கு வந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிரிப்பு வரும் இடங்கள் அவளுக்கு மனப்பாடம், ஆனால் முகத்தில் நெற்றி சுருங்கியே இருந்தது. "கூட்டம் சிரிக்கறது கேக்குது. அவரு பேசறது கஞ்சி மாதிரி இருக்குது," என்றாள்.

அந்தப் பெண் ஒரு பெரிய ஹெட்போனை எடுத்து வந்தாள். அக்கா காதில் இருந்த கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கம்பியைச் செருகியதும் ஸ்பீக்கர் ஊமையானது. அந்தப் பெண் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, அக்கா கையை உயர்த்திப் போதும் என்று காட்டினாள். அவள் நெற்றி விரிந்தது.

எனக்கும் கேட்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

ஊமை அறையில் தட்டு சுற்றியது. ஊசி பள்ளத்தில் ஓடும் சத்தம் மட்டும், பக்கத்து அறையில் யாரோ குசுகுசுவென்று பேசுவது போல. எந்த ஜோக்கு போகிறது என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதோ இருமல். இதோ தனியாகச் சிரிக்கும் பெண். இதோ கல்யாணம், பந்தி, இலை. அக்கா தன் மடிமேல் ஒரு கையை விரித்து வைத்தாள். சாக்கு வந்துவிட்டது. அவள் கண் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, மறுபடியும் இடப்பக்கம். நான் அந்தக் குசுகுசுப்பில் காதை வைக்கப் பெட்டி வரை குனிந்தேன். டக் வரவில்லை. ஏதோ இரண்டு முறை ஒரே மாதிரி கேட்டது. பிறகு ஒரு வரி.

அக்கா உடனே சிரிக்கவில்லை. ஹால் சிரித்து ஓயும் அளவுக்கு நேரம் போயிருக்கும். அப்புறம் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றிய கையோடு, "இவ்ளோதானாடா," என்றாள். "இவ்ளோதான். நமக்குத் தோணவேயில்ல பாரு."

"என்ன சொன்னாரு?"

காதில் கருவி இல்லாததால் அவளுக்கு அது கேட்கவில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் நோட்டைக் காட்டினாள். ஒரு பக்கம், ஒரு நாள், ஒரு தடவை. சரியான விதி என்று நானே சொல்லியிருந்தேன். அவளிடமே முடிவைக் கேட்டிருக்கலாம். அவள் தலையை ஆட்டினாள். "அக்கா சொல்லட்டும் சார். நான் சொன்னா கெட்டுடும்."

திரும்பி வரும்போது மெட்ரோவில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. நான் அவள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நகர்ந்ததும் அவள் ஆரம்பித்தாள். காது கேளாதவர்களுக்கு மற்றவர்களின் காது நன்றாகக் கேட்கும் என்பது நினைவிருப்பதில்லை. பெட்டியின் கடைசிவரை கேட்கும் குரலில், பொண்ணு வேலூரு என்பதில் இருந்து, ஒரு வார்த்தை விடாமல், அந்த மனிதர் மூச்சு இழுக்கும் இடத்தில் மூச்சு இழுத்து. காதில் கம்பி மாட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பியைக் கழற்றினார்கள்.

"மறுபடியும் சாக்கைப் பாத்தாரு," என்றாள் அக்கா. நிறுத்தினாள். கதவு திறந்து மூடியது. அதுவரை நிறுத்தினாள். "ரெண்டு கையையும் ஆட்டி, பேடா, பேடாங்கறாரு. சித்தப்பா உள்ள திரும்பி ஒரு கத்து கத்தினாரு பாரு. யோவ் சமையல்காரரே, சாக்கு நிறையப் பேடாவாம்யா."

வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். நமக்கு அது ஸ்வீட் கடைப் பேடா. பெட்டியில் பாதிப் பேர் உடனே சிரித்தார்கள், மீதிப் பேருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள், அவர்கள் பிறகு சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கன்னடக்காரர், அக்கா வயதுதான், முன்னால் சாய்ந்து, "பேடா சிக்தா அவரிகே?" என்று கேட்டார். கிடைத்ததா அவருக்கு என்று.

எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. எங்கள் வீட்டில் இரண்டு மொழியும் ஓடும், ஒன்றோடொன்று முட்டாமல். பேடாவைத் தின்போம், வேண்டாததைக் கன்னடத்தில் மறுப்போம். இரண்டும் ஒரே சத்தம் என்று கவனிக்க வேலூரில் இருந்து ஒரு சித்தப்பா வர வேண்டும்.

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளுக்குப் பிறகு இந்தக் காது இருக்காது. என் குரலை இப்படியே கேட்கிற காதிடம்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் என் சட்டைப் பையில் இருந்த கருவியை அவள் காதில் மாட்டிவிட்டேன். குனிந்தேன்.

"அக்கா. அந்தத் தட்டைக் கீறுனது நான்."

"இன்னா?"

"தட்டை. கீறுனது. நான்."

"சத்தமா சொல்லுடா, வண்டி ஓடுது."

"நான்தான் கீறினேன்," என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து வண்டி நிலையத்தில் நின்று சத்தம் ஓய்ந்திருந்தது. கம்பியைக் கழற்றியவர்கள் இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை. கன்னடக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, வளரவும் இல்லை. அடுத்து என்ன வரும் என்பது என் வேலையில் எனக்கு நன்றாகத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் மூச்சு வாங்கியதும் சூழ்நிலையை விளக்க ஆரம்பிப்பான். நானும் ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒம்பது வயசு. அம்மா தண்ணி பிடிச்சுகினு வந்துட்டாங்க, கதவு சத்தம் கேட்டுச்சு. துணியை நான்தான் மடிச்சேன். அன்னிக்கே அப்பா கிட்ட சொல்லியிருப்பேன், ஆனா அவரு உன்னைக் கேட்டப்ப நான்..."

அக்கா கையைத் தூக்கினாள். மடியில் இருந்த துணிப்பையின் மேல், தட்டின் மேல், இலைக்கு மேல் வைப்பது போல விரித்து வைத்தாள்.

"சாக்கு," என்றாள்.

இரண்டு மொழியிலும் வாக்குமூலம் எழுதிக்கொண்டவன் நான். இதை எதில் எழுதிக்கொள்வது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையை எடுக்கவில்லை.